தோற்றவர் அனுப்பிய தந்தி

பெரிய காஞ்சிபுரத்தில் ராஜ வீதிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தறிக்காரப் பெரியவர் ஒருவர், கையில் மடித்த பேப்பரோடு கேட்டார்: “ஏன் தம்பி, அமெரிக்காவுல தோத்தா தோத்தேன்னு ஒத்துக்க மாட்டாங்களாமே?”

கேள்வி கேட்ட ஊர் எது என்று பாருங்கள்! பெரிய தலைவருக்கும் தோல்வி வரும் என்று 1962-ல் தமிழ்நாட்டுக்கே காட்டிய ஊராச்சே இது.

அண்ணா பிறந்த ஊர். ‘திராவிட நாடு’ பத்திரிகையை 1942-ல் அவர் ஆரம்பித்த ஊர். 1957-ல் இதே தொகுதியில் ஜெயித்து சட்டசபைக்குப் போனார். அடுத்த தேர்தலில், காங்கிரஸ் நிறுத்திய பஸ் முதலாளி எஸ்.வி.நடேச முதலியாரிடம் சுமார் ஒன்பதாயிரம் ஓட்டில் தோற்றுப்போனார். வேடிக்கை என்னவென்றால், கட்சி 50 இடம் பிடித்திருந்தது. தலைவருக்குத்தான் சொந்த ஊரில் இடமில்லை!

பணம் விளையாடியது என்று தி.மு.க.காரர்கள் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கிடக்கட்டும். அண்ணா என்ன செய்தார்? அதே வருஷம் ராஜ்யசபா உறுப்பினராகி டெல்லிக்கு ரயிலேறிவிட்டார். அங்கே அவர் பேசிய முதல் பேச்சு, அவர் யார் என்று வடக்கே இருந்தவர்களையும் விசாரிக்க வைத்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. 1896-ல் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஜெயித்த மெக்கின்லிக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அடித்தார். அதுவே பழக்கமாகிவிட்டது.

பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். ஓட்டு எண்ணி முடிவை அறிவிக்க நம்மைப் போல நாடு முழுமைக்கும் ஒரே கமிஷன் அங்கே இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தானே எண்ணிக் கணக்கு அனுப்பும். நவம்பரில் தேர்தல், நாடாளுமன்றம் கூடி அந்தக் கணக்கைப் படிப்பது ஜனவரி 6. நடுவில் இரண்டு மாசம்! அதை இழுத்துப் பிடித்திருந்தது தோற்றவரின் வாய் வார்த்தைதான். நான் பி.காம். படித்தவன். நஷ்டக் கணக்கிலும் முதலாளி கையெழுத்து விழுந்தால்தான் வருஷக் கணக்கு முடியும்.

2000-ல் அல் கோர் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் கோட்டை விட்டார். கோர்ட்டு வரை போனார். தீர்ப்பு வந்த மறுநாளே டி.வி.யில் தோன்றி ஒப்புக்கொண்டார். 2020-ல் 232-க்கு 306 என்று தோற்ற டிரம்ப், கையெழுத்துப் போட மறுத்தார். 2021 ஜனவரி 6 அன்று கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவரே 2024-ல் ஜெயித்து வந்து, பதவியேற்ற அன்றைக்கே அந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேரை மன்னித்தார்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், 2025 ஜனவரி 6. துணை ஜனாதிபதி என்ற முறையில் கமலா ஹாரிஸ் சபைக்குத் தலைமை தாங்கினார். நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி. டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று தன் தோல்வியைத் தன் வாயாலேயே படித்தார். அரை மணி நேர வேலை. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “பக்தவத்சலத்தை விட்டுட்டியே” என்றார்.

விட்டுத்தான்விட்டேன். 1967-ல் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றது இதோ, பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில். விருதுநகரில் காமராஜரே தோற்றார், அதுவும் ஒரு மாணவர் தலைவரிடம். இருபது வருஷ காங்கிரஸ் ஆட்சி, கோட்டையில் ஒரு கண்ணாடிகூட உடையாமல் கை மாறியது. மார்ச் 6-ஆம் தேதி பக்தவத்சலத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், ஐந்து வருஷம் முன்னால் காஞ்சியில் தோற்றுப்போன அண்ணா.