தனி விமான வாடகை (பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்)

தனி விமான வாடகை என்பது ஒரு விமானத்தையோ ஹெலிகாப்டரையோ விமானி, எரிபொருள், பணியாளர் சகிதம் முழுதாக ஒரு பயணத்துக்கு அமர்த்திக்கொள்ள ஆகும் செலவு. பயணச்சீட்டுக்கு ஆள் கணக்கு. இதற்கு மணிக் கணக்கு. எட்டுப் பேர் ஏறினாலும் ஒருவர் மட்டும் ஏறினாலும் தொகை மாறாது. தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் இந்தச் சேவையை நாடுவோர் பெரும்பாலும் அரசியல் தலைவர்கள், தொழிலதிபர்கள், திரைத்துறையினர், அவசர சிகிச்சைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் குடும்பங்கள்.

பெரம்பலூர் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பெரம்பலூர் நகருக்கு ரயிலும் இல்லை. உதாரணத்துக்கு, பெரம்பலூர்–ஆத்தூர் சாலையில், பச்சைமலைக்குக் கிழக்கே உள்ள வேப்பந்தட்டை பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் ஊர். இங்கிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 75 கி.மீ. சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருப்பதால் அது நூறு கி.மீ.க்கு அப்பால். ஆகவே இந்த வட்டாரத்துக்குத் தனி விமானம் என்றால் அது திருச்சியில் இறங்கும் விமானம்தான். மிச்சத் தூரம் சாலை வழி, இல்லையென்றால் ஹெலிகாப்டர்.

திருச்சியின் ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். சிறிய, நடுத்தர ஜெட்டுகளுக்கு அது தாராளம். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் நள்ளிரவிலும் வந்துபோகும் நிலையம் என்பதால் இரவில் இறங்குவதிலும் சிக்கல் குறைவு. கமலாபுரத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். அங்கே கிங் ஏர் பி200 போன்ற, சுழலி பொருத்திய இரட்டை இயந்திர விமானங்களும் சிறு ஜெட்டுகளும் இறங்கலாம்.

வாடகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

அடிப்படை அலகு பறக்கும் மணி. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் வணிக விமான இயக்குநர்கள் சங்கத்தை மேற்கோள் காட்டி வெளியான செய்திகளின்படி, சிறு விமானம் மணிக்கு 4.5 முதல் 5.25 லட்சம் ரூபாய். ஒற்றை இயந்திர ஹெலிகாப்டர் சாதாரண நாட்களில் 80,000 முதல் 90,000. இரட்டை இயந்திர ஹெலிகாப்டர் 1.5 முதல் 1.7 லட்சம். தேர்தல் நெருங்கியபோது ஹெலிகாப்டர் விலை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என ஏறியது. நாட்டில் அட்டவணையற்ற விமானச் சேவைக்கான அனுமதி பெற்ற நிறுவனங்கள் 2023 டிசம்பரில் 112 மட்டுமே. அவற்றில் பலவற்றிடம் ஒன்றிரண்டு விமானங்களுக்கு மேல் இல்லை. கேட்பவர் பெருகினால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

மணி வாடகையைவிட மொத்தத் தொகையைத் தீர்மானிப்பது வேறொன்று: விமானம் எந்த ஊரில் நிற்கிறது என்பது. வாடகைக் கார் எடுத்தால் திரும்பிப் போகும் கிலோமீட்டருக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். ஓட்டுநருக்குப் பேட்டாவும் தருகிறோம். இங்கும் அதே முறைதான். சென்னையிலோ பெங்களூரிலோ நிற்கும் விமானம் திருச்சிக்குக் காலியாக வந்து நம்மை ஏற்றினால் அந்தக் காலிப் பறப்பும் நம் கணக்கில் சேரும். மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரவேண்டியிருந்தால் காலிப் பறப்பின் செலவே பயணச் செலவை மிஞ்சிவிடும். இந்தியாவில் வாடகை விமானங்களில் பெரும்பகுதி அந்த இரு நகரங்களில்தான் நிற்கிறது. திருச்சிப் பயணி கூடுதலாகக் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு பார்க்கலாம். சென்னையில் நிற்கும் சிறு ஜெட், ஆறு பேரைத் திருச்சியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. ஒரு வழிக்குப் புறப்பாடு, இறக்கம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்தாலும் இரு வழிக்கும் இரண்டு மணி நேரம் ஆகாது. ஆனாலும் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று கணக்கிடுவது தொழிலின் வழக்கம். மேலே சொன்ன விலையில் 9 முதல் 10.5 லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 10.6 முதல் 12.4 லட்சம். தரையிறங்கு கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், தரைப்பணிக் கட்டணம் தனி. இரவு தங்கினால் விமானிகளின் விடுதிச் செலவும் சேரும்.

ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம். 2018-19ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 1.23 லட்சம். ஓர் இருக்கையின் ஒரு வழிச் செலவு ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைத் தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் தனி விமான வாடகையை எழுதுவது முழுமையாகாது.

எரிபொருள் வரி இன்னொரு சுமை. தமிழ்நாட்டில் விமான எரிபொருள் மீதான மதிப்புக் கூட்டு வரி ஆண்டுக்கணக்கில் 29 சதவீதமாக இருந்துவந்திருக்கிறது. மத்திய விற்பனை வரிச் சட்டம் சிறிய விமானங்களுக்குத் தரும் சலுகை அட்டவணைப்படி பறக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே. வாடகை விமானத்துக்குப் பொருந்தாது. சொந்தமாக விமானம் வாங்கிவிடலாம் என்று நினைப்பவருக்கும் வழி எளிதல்ல: 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம்.

ஐரோப்பாவோடு ஒப்பீடு

ஐரோப்பாவிலும் மணிக் கணக்குதான். லண்டனிலிருந்து பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகருக்கு, ஆயிரம் கி.மீ. சொச்சம் தூரத்துக்கு, சிறு ஜெட்டின் ஒரு வழி வாடகை சுமார் 8,000 முதல் 12,000 யூரோ வரை சொல்லப்படுவது வழக்கம். தூரத்தோடு ஒப்பிட்டால் சென்னை–திருச்சிப் பயணத்தைவிட இது மலிவு. பாரிஸ் அருகே லெ பூர்ஜே, லண்டன் அருகே ஃபார்ன்பரோ, ஜெனீவா, நீஸ் என்று விமானம் நிற்கும் இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒருவரை இறக்கிய இடத்திலேயே அடுத்தவர் கிடைக்கிறார். காலியாகத் திரும்பும் பறப்பையும் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். இந்தியாவிலும் அப்படி விற்பது உண்டு. ஆனால் திருச்சியிலிருந்து காலியாகப் புறப்படும் விமானத்தில், அதே நாளில், அதே திசையில் போக ஆள் கிடைப்பது அரிது.

ஐரோப்பாவில் தனி ஜெட்டுகளுக்கு எதிர்ப்பும் வலுவாக இருக்கிறது. போக்குவரத்தும் சுற்றுச்சூழலும் குறித்து ஆராயும் ஐரோப்பிய அமைப்பு ஒன்று, தனி ஜெட்டுகள் சாதாரண விமானங்களைவிடப் பயணி ஒருவருக்கு 5 முதல் 14 மடங்கு மாசுபடுத்துகின்றன என்றும் ரயிலோடு ஒப்பிட்டால் 50 மடங்கு என்றும் 2021இல் கணக்கிட்டது. பிரான்ஸ் 2025 மார்ச்சில் தனி விமானப் பயணி ஒவ்வொருவருக்கும் தூரத்தையும் விமான வகையையும் பொறுத்து 210 முதல் 2,100 யூரோ வரை வரி விதித்தது. தமிழ்நாட்டில் தனி விமானங்களின் மாசு பற்றிய கேள்வி இன்னும் பொது விவாதத்துக்கு வரவில்லை. வரவேண்டிய கேள்விதான் அது.

தேர்தலும் ஹெலிகாப்டரும்

இந்த வட்டார மக்கள் வாடகை விமானத்தையும் ஹெலிகாப்டரையும் அதிகம் கேள்விப்படுவது தேர்தல் காலத்தில். 2014, 2016 தேர்தல்களில் முதலமைச்சர் ஜெயலலிதா ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகச் சென்று பிரச்சாரம் செய்தார். தற்காலிக இறங்குதளம் அமைக்கச் சமமான மைதானம் வேண்டும். புழுதி எழாமல் லாரித் தண்ணீர் அடிப்பார்கள்; நடுவே வட்டம் போட்டு ‘எச்’ எழுத்து, காற்றின் திசை காட்டும் துணி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், மாவட்ட ஆட்சியர் அனுமதி, காவல்துறைப் பாதுகாப்பு எல்லாம் தயாராக வேண்டும். இந்தச் செலவு எதுவும் மணி வாடகையில் சேராது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பச்சைமலைப் பக்கம் மேகம் தாழ்ந்துவிட்டால் பயணத்தையே நிறுத்த நேரிடும்.

2025 செப்டம்பர் 13 அன்று தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் சென்னையிலிருந்து தனி விமானத்தில் திருச்சி வந்து தன் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். காலையில் விமான நிலையத்தில் இறங்கியவர் நகருக்குள்ளேயே இருக்கும் மரக்கடையில் பேசியபோது பிற்பகலாகிவிட்டது. அரியலூரை அடைந்தது இரவில். பெரம்பலூர் நகரில் பேச வேண்டியிருந்த கூட்டம் நள்ளிரவைத் தாண்டியதால் நடக்கவில்லை. ஆகாயத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த பயணம் சாலையில் ஒரு நாளை விழுங்கியது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் வந்த பிரதமர் மோடி திருச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் வந்தார். அரசு ஹெலிகாப்டர் என்பதால் அது வாடகைக் கணக்கில் வராது.

தேர்தல் செலவுக் கணக்கில் இது எங்கே சேர்கிறது என்பதை வாக்காளர் தெரிந்துகொள்வது நல்லது. சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, கட்சி அறிவிக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றப் பதிவுபெற்ற கட்சிக்கு 20 பேர் வரை அறிவிக்கலாம். வேட்பாளரும் அதே ஹெலிகாப்டரில் ஏறினால் பாதிச் செலவு அவர் கணக்குக்கு வரும். சிறு ஜெட்டில் நான்கைந்து பயணங்களிலேயே ஒரு வேட்பாளரின் மொத்த வரம்பைத் தாண்டிவிடும் தொகைக்கு இந்தப் பிரிவு இடம் கொடுத்திருக்கிறது.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரல் 17 அன்று நடிகை சௌந்தர்யா தேர்தல் பிரச்சாரத்துக்காகப் பெங்களூர் ஜக்கூரிலிருந்து புறப்பட்ட ஒற்றை இயந்திர செஸ்னா விமானம், கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து அவர் உயிரிழந்தார். மலிவான விமானம் எது என்பது வாடகைக்கு எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அல்ல.

ஏர் ஆம்புலன்ஸ்

நடுத்தரக் குடும்பம் தனி விமான வாடகையை எதிர்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் ஏர் ஆம்புலன்ஸ்தான். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தின் ஊடாகப் போகிறது; விபத்தில் அடிபட்டவரைச் சென்னைக்குக் கொண்டுபோவதா என்று உறவினர்கள் மருத்துவமனை வாசலில் நின்று யோசிக்கும் நேரத்தில் சரியான தகவல் கிடைப்பது அரிது.

முதலில் நேரக் கணக்கு. திருச்சியிலிருந்து சென்னைக்குச் சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விமானம் முதலில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டும். படுக்கை, செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தி மருத்துவக் குழு ஏறவேண்டும். வேப்பந்தட்டையிலிருந்து திருச்சிக்கு நோயாளி சாலையில் ஒன்றரை மணி நேரம் பயணிக்க வேண்டும். மறுமுனையில் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை இன்னொரு ஆம்புலன்ஸ். சென்னைவரை என்றால் மிச்சமாகும் நேரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. டெல்லி, மும்பை போன்ற தொலைவுகளுக்குத்தான் விமானம் தெளிவாக வெல்கிறது.

அடுத்தது உடல்நிலை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுரையீரலைச் சுற்றியோ மண்டையோட்டுக்குள்ளோ காற்று சிக்கியிருந்தால் அது விரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பறக்கத் தகுதி உண்டு என்ற மருத்துவச் சான்று வெறும் சடங்கு அல்ல.

செலவை அரசே ஏற்ற முன்மாதிரிகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசம் 2024இல் தொடங்கிய ஏர் ஆம்புலன்ஸ் திட்டத்தில் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கிக் கிராமம்வரை கொண்டுசேர்த்த தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியாதா என்ன? பச்சைமலை, கொல்லிமலை ஊர்களை எண்ணினால் விமானத்தைவிட, ஓடுபாதை இல்லாமல் சமமான மைதானத்தில் இறங்கக்கூடிய ஹெலிகாப்டரே இங்கே பொருந்தும்.

பணம் கட்டும் முன் குடும்பத்தார் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. விமானம் வாடகைக்கு அனுமதிக்கப்பட்டதா, தனியார் உபயோகத்துக்குப் பதிவானதா என்பது முதலில். இரண்டாவது வகை கூலிக்குப் பறப்பது சட்டவிரோதம். விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, காலிப் பறப்பு எத்தனை மணி நேரம், இரு முனைகளிலும் சாலை ஆம்புலன்ஸ் தொகையில் அடங்குமா, மருத்துவர் உடன் வருகிறாரா, வானிலையால் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், ஜிஎஸ்டி சேர்ந்த தொகையா என்பவை அடுத்து. மருத்துவக் காப்பீடு இருந்தால் ஏர் ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு வரம்பு, முன் அனுமதி வேண்டுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும். பறந்தபின் அனுப்பும் பில்லை நிறுவனம் ஏற்க மறுக்கலாம்.