உங்கள் பெயரில் வந்த வைரஸ்: குற்றவாளி யார்?

"நீங்கள் அனுப்பின மின்னஞ்சலாலை என்ரை கணனி பழுதாய்ப் போச்சு" என்று வெளிநாட்டு உறவினர் கோபிப்பதும், இங்கிருப்பவர் தான் எதையும் அனுப்பவில்லை என்று திகைப்பதும் சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் பலமுறை கேட்ட கதை. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் குடாநாட்டின் தொலைத்தொடர்பு நிலையங்களில் மின்னஞ்சல் பாவனை பெருகியது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் 'கிளெஸ்' வைரஸின் புதிய வடிவம் உலகெங்கும் பரவியது. 2003இல் 'சோபிக்', 2004இல் 'மைடூம்' என்பன தொடர்ந்தன. அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது இவை அனைத்துக்கும் பொதுவான தந்திரம்.

இது எப்படி நடக்கிறது? ரொறன்ரோவில் இருக்கும் மருமகனின் கணனியில் வைரஸ் புகுந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அவரது முகவரிப் பட்டியலில் சுன்னாகத்து மாமாவும் லண்டன் பெரியம்மாவும் இருக்கிறார்கள். வைரஸ் மாமாவின் முகவரியை அனுப்புநராகப் போட்டுப் பெரியம்மாவுக்குத் தன்னை அனுப்புகிறது. பெரியம்மா மாமாவைக் கோபிக்கிறார். மாமாவின் கணனியிலோ வைரஸே இல்லை. மருமகனுக்கு எதுவுமே தெரியாது.

மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. கடித உறையின் பின்புறம் யாருடைய பெயரை எழுதினாலும் தபாற்கந்தோர் விசாரிப்பதில்லை. அதுபோலவே அந்த விதிமுறையும் அனுப்புநர் உண்மையானவரா என்று பார்ப்பதில்லை.

பாதிப்பு கோபத்தோடு முடிவதில்லை. வைரஸைத் தடுத்த நிறுவனங்களின் கணனிகள், "நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்" என்ற தானியங்கி எச்சரிக்கையையும் அப்பாவிக்கே அனுப்பின. கிளெஸ், தான் புகுந்த கணனியிலிருந்த ஆவணம் ஒன்றையும் சிலவேளைகளில் இணைத்து அனுப்பியது. பலர் பாவிக்கும் கணனியில் ஒருவர் எழுதி வைத்த குடும்பக் கடிதமோ விண்ணப்பமோ முன்பின் தெரியாதவரின் கைக்குப் போகலாம். அதுவும் இன்னொருவரின் பெயரில். தலையாட்டியின் ஒரு தலையசைப்பில் ஆட்கள் காணாமற்போன மண்ணில், ஆதாரமில்லாத குற்றச்சாட்டு எவ்வளவு பாரமானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, சந்தேகமான இணைப்பு வந்தால் திறக்காதீர்கள். பெயருக்குரியவரிடம் தொலைபேசியில் கேளுங்கள், குற்றம் சாட்டாதீர்கள். மின்னஞ்சலின் முழுத் தலைப்பகுதியைத் திறந்தால் அது கடந்துவந்த வழங்கிகள் வரிசையாகத் தெரியும். கீழேயுள்ள வரிகளையும் பொய்யாகச் சேர்க்கலாம். உங்கள் சொந்த மின்னஞ்சல் சேவை மேலே பதிந்த வரியைத்தான் நம்பலாம். உங்கள் பெயரில் பிறருக்கு வைரஸ் போயிருந்தால், முதலில் உங்கள் கணனியைச் சோதியுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டிலும் பிழையில்லையென்றால், உங்களிருவரின் முகவரிகளையும் வைத்திருக்கும் பொதுவான நண்பர்களை எச்சரியுங்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முகவரி உண்மையானதா என்று சோதிக்கும் முறைகள் பின்னர் வந்தன. 2024 பெப்ரவரி முதல், பெருந்தொகையாக மின்னஞ்சல் அனுப்புவோர் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என கூகுளும் யாகூவும் கட்டாயப்படுத்தியுள்ளன. ஆனாலும் முகவரிக்கு முன்னால் தெரியும் பெயரை இன்றும் எவரும் விரும்பியபடி எழுதலாம். இலங்கையில் கணனிக் குற்றங்களுக்கென 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் தலைப்பகுதியோடு வைத்திருங்கள். உங்கள் பெயரைக் காப்பாற்றும் சாட்சி அதற்குள்தான் இருக்கிறது.