தொலைக்கட்டுப்பாட்டு மின்சரக்குந்துகளில் வெப்பமும் தொங்கலமைப்பும்

தொலைக்கட்டுப்பாட்டு மின்சரக்குந்து என்பது கையிலுள்ள வானலைக் கருவியின் வழியே இயக்கப்படும், மின்கலத்தால் ஓடும் மாதிரி ஊர்தி ஆகும். இவற்றுள் 1:10 அளவுவிகிதம் பரவலானது. சப்பானின் தமியா நிறுவனம் 1987 இல் வெளியிட்ட குளோட் பஸ்டர், அமெரிக்காவின் டிராக்சாஸ் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சிலாஷ் ஆகியன நன்கு அறியப்பட்டவை. கரடுமுரடான தரையில் பெரிய சக்கரங்களுடன் ஓடுவதால் இவ்வூர்திகளின் மின்னோடி (மோட்டார்) எப்போதும் மிகுந்த சுமையைத் தாங்குகிறது. மோதி உடைவதைக் கண்ணால் காணலாம். வெப்பத்தால் கெடுவது பெரும்பாலும் ஊர்தி நின்ற பின்னரே தெரியவருகிறது.

== வெப்பம் தோன்றும் விதம் ==

கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். செப்பின் மின்தடையும் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39% உயர்கிறது. ஆகவே 25 °C இலிருந்து 85 °C ஆன சுருளின் தடை ஏறக்குறைய 23% கூடிவிடும். அதாவது, சூடான மின்னோடி அதே மின்னோட்டத்தில் மேலும் வேகமாகச் சூடாகும்.

தூரிகை உள்ள மின்னோடியில் சுருள்கள் சுழலும் பகுதியில் உள்ளன. அங்கிருந்து வெப்பம் வெளியேற எளிய வழி இல்லை. மேலும் தூரிகை உரசும் இடத்தில் தீப்பொறியும் உராய்வும் உண்டு. தூரிகையற்ற மின்னோடியில் சுருள்கள் வெளிக்கூட்டை ஒட்டி நிலையாக இருப்பதால் வெப்பம் எளிதில் கூட்டுக்குக் கடக்கிறது. ஆனால் அதன் காந்தம் நடுவில், சுழலியில் உள்ளது. சாதாரணத் தர நியோடிமியக் காந்தம் 80 °C அளவைத் தாண்டினால் காந்த வலிமையை நிலையாக இழக்கத் தொடங்கும். உயர்வெப்பத் தரக் காந்தங்கள் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். கூட்டின் வெளிப்புறத்தில் அளக்கப்படும் வெப்பநிலை உள்ளே இருப்பதைவிடக் குறைவு என்பதால், வெளியே 80 °C ஐ மேல் எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது.

லித்தியம் பாலிமர் மின்கலத்திற்கு எல்லை இன்னும் குறைவு. 60 °C ஐத் தாண்ட விடலாகாது. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட். 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கலம் கெடும். உப்பிய கலத்தை மீண்டும் மின்னேற்றுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும். ஓடி முடிந்த சூட்டோடு மின்னேற்றுவதும் தவறு.

== பல்விகிதம் ==

வெப்பத்தைக் கட்டுப்படுத்த முதலில் நாட வேண்டியது விசிறி அன்று, பல்விகிதமே ஆகும். மின்னோடியின் அச்சிலுள்ள சிறு பற்சக்கரம் பினியன் எனவும், அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் ஸ்பர் எனவும் வழங்கப்படும். 86 பல் ஸ்பருடன் 21 பல் பினியன் இருந்தால் விகிதம் 4.10, பினியனை 19 பல்லாக மாற்றினால் 4.53. பின்னதில் உச்ச வேகம் சற்றுக் குறையும், மின்னோடியின் சுமையும் குறையும். சக்கரத்தின் விட்டத்தை 110 மி.மீ. இலிருந்து 120 மி.மீ. ஆக்குவது பல்விகிதத்தை ஏறத்தாழ 9% கடினமாக்குவதற்கு ஒப்பாகும். பெரிய சக்கரம் பூட்டிய பலரும் பினியனை மாற்ற மறந்து மின்னோடியை இழக்கின்றனர்.

மின்னழுத்தத்தை உயர்த்தும்போதும் இதே கவனம் தேவை. நிமிடத்திற்கு ஒரு வோல்ட்டுக்கு 3500 சுற்று தரும் மின்னோடி, சுமையின்றி, 7.4 வோல்ட்டில் 25,900 சுற்றும் 11.1 வோல்ட்டில் 38,850 சுற்றும் சுழலும். மூன்று கல அடுக்குக்கு மாறுபவர் சிறிய பினியனுக்கும் மாறவேண்டும்.

பற்கள் இறுக்கமாகக் கோத்திருப்பதும் வெப்பத்தை உண்டாக்கும். இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையே மெல்லிய தாள் துண்டை வைத்து அழுத்தி, ஆணியை முடுக்கிய பின் தாளை எடுத்துவிட்டால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். நழுவு கிளட்ச் தளர்வாக இருந்தால் அதன் உராய்வு வெப்பத்தால் நெகிழி ஸ்பர் உருகுவதும் உண்டு.

அகச்சிவப்பு வெப்பமானியால் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. ஊர்தி நின்றதும் காற்றோட்டம் நின்றுவிடுவதால் கூட்டின் வெப்பநிலை சிறிது நேரம் மேலும் ஏறும். உயரமான புல்லில் ஓட்டுவது சமதரையைவிடப் பன்மடங்கு சுமை தரும்.

== தொங்கலமைப்பு ==

தொங்கலமைப்பில் சுருள்வில் ஊர்தியின் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் நிரம்பிய அதிர்வேற்பி அதன் அசைவைத் தணிக்கிறது. அதிர்வேற்பியின் உள்ளே துளையுள்ள ஆடுதண்டு (பிஸ்டன்) சிலிக்கன் எண்ணெயினூடே நகர்கிறது. பெரிய துளையுடன் கெட்டியான எண்ணெய் இருந்தால் சிறு மேடுபள்ளங்களில் சக்கரம் தரையை விடாமல் தொடரும். சிறிய துளையுடன் மெல்லிய எண்ணெய் இருந்தால், வேகமான அழுத்தத்தில் எண்ணெய் கடக்க முடியாமல் அதிர்வேற்பி சட்டென இறுகும். உயரத் தாவி இறங்குவோருக்கு இது உதவும். எண்ணெய் சூடானால் இளகுவதால், வெயிற்காலத்தில் ஒரு படி கெட்டியான எண்ணெய் பயன்படுத்துவது வழக்கம்.

சட்டகத்தின் உயரத்தை மின்கலத்தைப் பொருத்திய நிலையிலேயே சரிசெய்ய வேண்டும். உயரம் கூடினால் திருப்பங்களில் கவிழும். குறைந்தால் அடிப்பகுதி தரையில் மோதும். குளோட் பஸ்டரில் ஒவ்வோர் அச்சிலும் ஒரு மின்னோடி அமைந்துள்ளதால் அவற்றின் எடையைச் சுருள்வில் தாங்குவதில்லை. கனமான அச்சுக்களைத் தணிப்பது கடினம் என்பதால் அதில் அதிர்வேற்பிகளை மாற்றுவோர் பலர்.

இரு பொருள்களும் இணையும் இடம் ஒன்று உண்டு. தணிப்பு போதாத ஊர்தி துள்ளும்போது பின்சக்கரம் காற்றில் வீணாகச் சுழன்று, தரையைத் தொட்டதும் சட்டென மெதுவாகிறது. அக்கணத்தில் மின்னோட்டம் பெருமளவு உயர்ந்து மின்னோடியும் வேகக் கட்டுப்படுத்தியும் சூடாகின்றன. பல்விகிதம் சரியாக இருந்தும் வெப்பம் குறையாத ஊர்தியில் அதிர்வேற்பியின் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.