தபால் வாங்கப் போனவர்

தோழர்களே, 1860 நவம்பர் 6 அன்று நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை ‘வடக்கு வரவேற்றது, தெற்கு எதிர்த்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நாம் அதை அப்படியே ஏற்க முடியாது.

ஏறக்குறைய 40 விழுக்காடு வாக்குகளோடு வென்ற ஆபிரகாம் லிங்கன், அடிமைமுறையை ஒழிப்பேன் என்று சொல்லவில்லை. மேற்கே புதிய நிலப்பகுதிகளுக்கு அது பரவக்கூடாது என்றார், அவ்வளவுதான். அதற்கே தெற்கின் ஒன்பது மாநிலங்களில் அவர் பெயரில் வாக்குச்சீட்டு இல்லை. தென் கரோலினாவில் மக்கள் வாக்கெடுப்பே கிடையாது. சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது. அந்த மாநில மக்களில் பாதிக்கு மேல் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பர்கள். வாக்கில்லாத அவர்களை, ஐவரை மூவராகக் கணக்கிட்டு, கிடைத்த கூடுதல் இடங்களை ஆண்டைகள் அனுபவித்தார்கள். (நம் தலையை எண்ணி அடுத்தவர் பெறும் அதிகாரத்தை நாமும் அறிவோம்.) டிசம்பர் 20இல் அந்த மாநிலம் பிரிந்தது. அடுத்துப் பிரிந்த மிசிசிப்பி, அடிமைமுறையைக் காக்கவே போகிறோம் என்று கூச்சமின்றி அறிக்கையில் எழுதியது. ‘மாநில உரிமை’ பிற்பாடு போர்த்திய சால்வை.

வடக்கு மட்டும் என்ன? லிங்கனைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், கறுப்பர் வாக்களிக்க மட்டும் விதித்திருந்த 250 டாலர் சொத்துத் தகுதியை நீக்க நியூயார்க் மாநிலம் மறுத்தது. பருத்தி வணிகத்தில் கொழுத்த நியூயார்க் நகரின் மேயர் பெர்னாண்டோ வுட், நகரமே தனியாகப் பிரியலாம் என்றார். பாஸ்டனில் டிசம்பர் 3 அன்று அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் கும்பல் புகுந்தது; பிரடெரிக் டக்ளஸ் மேடையிலிருந்து இழுத்துத் தள்ளப்பட்டார்.

விர்ஜீனியா ஏப்ரல்வரை தயங்கிவிட்டு, போர் மூண்டதும் தெற்கோடு சேர்ந்தது. அந்த மாநிலத்தின் ஒரு பண்ணையில் குழந்தையாக இருந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். ரயில் எட்டாத ஊர். எழுதப் படிக்க அனுமதியில்லை. ஆனாலும் லிங்கன் வேட்பாளராக நின்றபோதே, எதற்காக இந்தப் போட்டி என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததாம். தபால் எடுத்துவர அனுப்பப்பட்ட கறுப்பர் உடனே திரும்பமாட்டார். அங்கே வெள்ளையர்கள் கூடிநின்று பேசுவதை, காதில் விழாதவர்போல நின்று கேட்பார். திரும்பும் வழியில் குடிசைகளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். பெரிய வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் சேரி முழுக்கச் செய்தி பரவியிருக்கும்.

போர்க்காலத்தில் ஒரு விடியற்காலை, தன் தாய் பிள்ளைகளருகே மண்டியிட்டு, லிங்கனின் படை வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்ததைக் கண்டு விழித்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.