குவாய் பாலம்: சாங்கியிலிருந்து சயாம் வரை

1957-இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சாகசப் படங்களின் வரிசையில் இன்றும் முன்னால் நிற்கிறது. டேவிட் லீன் இயக்கம். அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், செஸ்யூ ஹயகாவா நடிப்பு. சிறந்த படம் உட்பட 7 ஆஸ்கர் விருதுகள். சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சயாம் (தாய்லாந்து) காட்டில் ஜப்பானியருக்கு ரயில் பாலம் கட்டுகிறது. அதைத் தகர்க்க நேசநாட்டுக் குழு ஒன்று காடு கடந்து வருகிறது. சிறுவயதில் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பவை, கைதிகள் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வருவதும் ரயிலோடு பாலம் சரிவதும்தான். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் ஒருவர் வளர்ந்தபின், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி ஓரளவு அறிந்தபின், முதன்முறையாக இப்படத்தைப் பார்த்தால் அவர் கண் வேறு ஆட்களைத் தேடும். அந்த ரயில் பாதையில் மிக அதிகமாக உழைத்தவர்களும் மிக அதிகமாக மாண்டவர்களும் திரையில் எங்குமே இல்லை.

கதையின் உண்மையான தொடக்கம் சாங்கி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சுமார் 50,000 பேர் தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டு, செலராங், ராபர்ட்ஸ் முதலிய படைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இந்தியச் சிப்பாய்களைப் பிப்ரவரி 17 அன்று, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் தனியாகத் திரட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் வரலாறு அங்கே பிரிந்து செல்கிறது. 600 பேருக்கென 1936-இல் கட்டி முடிக்கப்பட்ட சாங்கி சிறையில் முதலில் இருந்தவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள். போர்க்கைதிகள் சிறைக் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டது 1944 மே மாதத்தில்தான்.

படத்தில் பிரிட்டிஷ் படைப்பிரிவின் தலைவரான கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று ஜெனீவா உடன்படிக்கையைக் காட்டி மறுக்கிறார். தகரக் கொட்டடியில் வதைபட்டும் இறங்கிவராமல் வெல்கிறார். சாங்கியில் நடந்த மறுப்பு இவ்வளவு இனிதாக முடியவில்லை. தப்பியோடமாட்டோம் என்று கையெழுத்திடும்படி 1942 ஆகஸ்ட் இறுதியில் ஜப்பானியர் கேட்டார்கள். கைதிகள் மறுத்ததும் 15,000-க்கும் அதிகமானோரைச் செலராங் முகாமின் சதுக்கத்துக்குள் நெருக்கி அடைத்தார்கள். தப்ப முயன்ற நான்கு பேர் செப்டம்பர் 2 அன்று சாங்கி கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வயிற்றுக்கடுப்பு பரவத் தொடங்கியதும் கட்டளைக்குப் பணிவதாகச் சொல்லி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். பலர் போட்டது பொய்ப்பெயர். திரையில் பிடிவாதம் வென்றது. செலராங்கில் நோய் வென்றது.

பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தானதால், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் முடிவுசெய்தார்கள். 1942 நடுவிலிருந்து சாங்கியிலிருந்து குழு குழுவாகக் கைதிகள் போனார்கள். 1943 ஏப்ரலில் கிளம்பிய 'எஃப் ஃபோர்ஸ்' என்ற 7,000 பேரின் கதி மிகக் கொடியது. சரக்குப் பெட்டிகளில் பான் போங் வரை போய், அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் மழைக்காட்டில் நடந்தார்கள். அவர்களில் 3,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆண்டு இறுதியில் மீண்டுவந்த எலும்புக்கூடுகளுக்குச் சாங்கியே சொர்க்கமாகத் தெரிந்தது. பாதையில் வேலைசெய்த 60,000-க்கும் அதிகமான போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இவர்களைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் ஆசியத் தொழிலாளர்களுடையது: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் அதிகமானோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போய், பால்வெட்டு நின்று, அரிசியும் அற்றுப்போயிருந்த நேரம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். சிலர் குடும்பத்தோடு போனார்கள். போனவர்கள் திரும்பாததும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. வலுக்கட்டாயமாகப் பிடிப்பது தொடங்கியது. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கொட்டகையின் கதவுகளை அடைத்து, உள்ளிருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றியதும் பதிவாகியிருக்கிறது. குவாய் படத்தைத் திரையரங்கில் பார்க்கும் எவரும் இந்த ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும்.

போர்க்கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் ஓர் ஒழுங்கும் இருந்தன. கழிவறை தோண்டவும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படி யாருமில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்ததும் முகாம் முகாமாக அழிந்தார்கள். அந்த ஆண்டு நடுவில் ஜப்பானியர் சாங்கியிலிருந்து 'கே ஃபோர்ஸ்' என்ற மருத்துவக் குழுவை, பிறகு 'எல் ஃபோர்ஸ்' என்ற இன்னொன்றை, இத்தொழிலாளர்களைப் பார்க்க அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து சில நூறு பேர்; அவர்களும் கைதிகள், மருந்தும் சொற்பம். சாங்கியும் தமிழ்த் தொழிலாளியும் நேருக்கு நேர் சந்தித்த அரிய இடம் இது. பெரிய சாகசத்துக்கு உரிய இக்கதையை எந்தப் பிரபலப் படமும் எடுத்துக்கொள்ளவில்லை. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த வரிசைகள் உண்டு. தொழிலாளர்களுக்கு அத்தகைய கல்லறை இல்லை.

பாலத்தைப் பற்றியும் படம் சொல்வது வேறு, நடந்தது வேறு. சயாமின் தாமர்க்கானில் மரத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று என இரண்டு பாலங்கள் 1943-இல் எழுந்தன. அங்கிருந்த கைதிகளின் மூத்த அதிகாரி பிலிப் டூசி, படத்தின் நிக்கல்சனைப் போல எதிரிக்கு நல்ல பாலம் கட்டித்தரப் பித்துப்பிடித்தவரல்லர். அவருடைய ஆட்கள் மரத்தில் கரையானை விட்டார்கள், கான்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்கள். படம் இதைத் தலைகீழாகக் காட்டியதால், தப்பிவந்த கைதிகள் பலர் படத்தின் மேல் கோபம் கொண்டார்கள். பாலங்களைத் தகர்த்தது நேசநாட்டு விமானக் குண்டுவீச்சு, 1945-இல். இரும்புப் பாலம் செப்பனிடப்பட்டு, அதன்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது. அது நிற்கும் ஆற்றின் அப்போதைய பெயர் மே குளோங். படம் பார்த்துவிட்டுத் தேடிவந்த பயணிகளுக்காக 1960-இல் அதன் மேற்பகுதிக்குக் குவே யாய் என்று பெயரிட்டார்கள். படம் எடுக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல். மூலக்கதையை 1952-இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர். தோட்டத் தமிழரை அறிந்திருந்தவரின் கதையிலிருந்து பிறந்த படத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது வருந்தத்தக்கது.

சாங்கியை நேரடியாகக் காட்டிய படம் 'கிங் ராட்'. அங்கே கைதியாயிருந்த ஜேம்ஸ் கிளாவெல் 1962-இல் எழுதிய நாவலை, பிரையன் ஃபோர்ப்ஸ் 1965-இல் படமாக்கினார். 'தி கிரேட் எஸ்கேப்' என்ற மற்றொரு புகழ்பெற்ற சாகசப் படத்தின் திரைக்கதையிலும் கிளாவெலுக்குப் பங்குண்டு.

பழைய சாங்கி சிறை 2004-இல் இடிக்கப்பட்டது. நுழைவாயிலும் 180 மீட்டர் சுவரும் இரு காவல் கோபுரங்களும் எஞ்சின. அவை 2016-இல் தேசிய நினைவுச்சின்னம் ஆயின. அப்பர் சாங்கி சாலை நார்த்தில் உள்ள சாங்கி சிற்றாலயமும் அருங்காட்சியகமும் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டன. சயாமுக்குப் போன தமிழர்களின் கதைக்கு, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படிக்கலாம். பாதை முழுக்க அவர்கள் பட்ட பாட்டை அது சொல்கிறது. குவாய் படத்தைப் பார்க்கிறவர் அதற்கு முன்போ பின்போ இந்நாவலையும் படிப்பது நல்லது.