ஐஜிஏ குருதிக்குழல் அழற்சியும் சிறுநீரகமும்: மருந்துகளின் வரலாறு

ஐஜிஏ குருதிக்குழல் அழற்சி என்பது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும், நுண்ணிய குருதிக்குழல்களைத் தாக்கும் நோயாகும். கால்களிலும் பிட்டத்திலும் செந்நீலப் புள்ளிகள், மூட்டுவலி, வயிற்றுவலி ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானே குணமாகிவிடும். சிறுநீரகம் கடுமையாகத் தாக்கப்பட்டால், அது நிலையாகச் செயலிழக்கவும் கூடும்.

பெயர்

1801இல் மறைந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் குறிப்புகளில், இந்நோயால் சிறுநீரில் குருதி கண்ட 5 வயதுச் சிறுவன் ஒருவன் இடம்பெறுகிறான். செருமானிய மருத்துவர் சோன்லைன் 1837இல் புள்ளிகளையும் மூட்டுவலியையும் இணைத்துக் காட்டினார். அவருடைய மாணவர் ஹெனோக் 1874இல் வயிற்றுவலியையும், 1899இல் சிறுநீரக அழற்சியையும் சேர்த்தார். ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் குருதிக்குழல்களில் படிவதே நோயின் அடையாளம் என்பதால், 2012இல் இன்றைய பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

மருந்துகள்

புள்ளிகள் தோன்றியவுடன் ஸ்டீராய்டு கொடுத்தால் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்று பல மருத்துவர்கள் நம்பினர். பிரித்தானியாவில் 352 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. 14 நாள் பிரெட்னிசோலோன் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஓராண்டு கழித்துச் சிறுநீர்ப் புரதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கடும் அழற்சிக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1998இல் பாரிசு மருத்துவர்கள் 38 குழந்தைகளுக்கு மெத்தில்பிரெட்னிசோலோனை நரம்பு வழியே செலுத்தி நற்பயன் கண்டதாக எழுதினர்; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு அதில் இல்லை. 2004இல் வெளியான 56 குழந்தைகளின் ஆய்வில் சைக்ளோபாஸ்பமைடு மட்டும் தனியே பயன் தரவில்லை. இன்று திசு ஆய்வின் (பயாப்சி) முடிவைப் பார்த்தே மருந்து தீர்மானிக்கப்படுகிறது. கடும் நிலையில் ஸ்டீராய்டுடன் சைக்ளோபாஸ்பமைடும், பின்னர் அசாத்தியோபிரின் அல்லது மைக்கோபீனோலேட்டும் தரப்படுவதுண்டு.

திருவள்ளூர் வட்டாரத்தில்

சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் புள்ளிகள் தோன்றிய சில வாரங்களில், வலியின்றி வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர், குழந்தை விளையாடத் தொடங்கியதும் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். 2022 சனவரி 12 அன்று திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. எனினும் முதல் தேவை அதனினும் எளியது: குறைந்தது 6 மாதங்களுக்குக் குறித்த இடைவெளியில் சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்த அளவீடும். இவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய முடியும். புரதம் காலத்தில் கண்டறியப்பட்டால்தான் மேற்கண்ட மருந்துகளுக்கு வேலை உண்டு.