தள்ளுவண்டிக்கு லைசென்ஸ்: ஒரு சிறு வரலாறு

வாசலுக்கு வெளியே நிற்கும் காய்கறி வண்டியையும் இஸ்திரி வண்டியையும் பற்றிப் பேச்சு எழாத பொதுக்குழுக் கூட்டம் எந்தக் குடியிருப்பிலும் அநேகமாக இருக்காது. "கார் திருப்ப இடமில்லை" என்று ஒரு தரப்பு சொல்லும். "ஒரு கட்டு கொத்தமல்லிக்கு மெயின் ரோடு வரை போக முடியுமா?" என்று இன்னொரு தரப்பு கேட்கும். நடுவில் ஒருவர், "அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்பார். அந்தக் கேள்விக்கு எழுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு, தொழிலோ வியாபாரமோ செய்யும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(6). எது நியாயமான கட்டுப்பாடு என்பதில்தான் அன்று முதல் சண்டை.

முதலில் பெரிய தொழில்களைப் பார்ப்போம். 1951-இல் வந்த தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, பட்டியலில் உள்ள தொழில்களில் புது ஆலை தொடங்கவும், இருக்கும் ஆலையைக் கணிசமாக விரிவுபடுத்தவும் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். இந்த நிலைமைக்கு 'லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்' என்று பெயர் சூட்டியவர் நம் ராஜாஜி. அதை எதிர்த்தே 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அவர் மறைந்து ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1991 ஜூலை 24 அன்று வெளியான புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த லைசென்ஸை நீக்கியது.

ஆலை முதலாளிக்கு விடுதலை கிடைத்தது. தள்ளுவண்டிக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு அல்ல, நகராட்சியும் மாநகராட்சியும்தான்.

லைசென்ஸ் இரண்டு வகையாக வேலை செய்யும். எண்ணெய் சுத்தமா, எடை சரியா, வழி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வகை. அது நம் எல்லோருக்கும் பாதுகாப்பு. 'இத்தனை பேருக்கு மட்டும்தான்' என்று எண்ணிக்கைக்குப் பூட்டுப் போடுவது இன்னொரு வகை. அப்படிப் பூட்டினால், வெளியே நிற்பவர் பிழைப்பை விட்டுவிடுவதில்லை. மாமூல் கொடுத்துத் தொடர்கிறார்.

டெல்லி சைக்கிள் ரிக்‌ஷா இதற்கு நல்ல உதாரணம். அங்கே 99,000 ரிக்‌ஷாக்களுக்கு மேல் லைசென்ஸ் கிடையாது என்று மாநகராட்சி வரம்பு வைத்திருந்தது. சொந்தக்காரரே மிதிக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. கையில் பணமில்லாமல் வெளியூரிலிருந்து வருபவர் வண்டியை வாடகைக்கு எடுத்துத்தானே ஓட்ட முடியும்? ஓடிய வண்டிகளோ வரம்பைவிடப் பல மடங்கு. பிடிபட்டவை பறிமுதலாயின. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லாது என்றது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தெரு வியாபாரிகளின் வழக்கு அதற்கும் முந்தையது. 1985-இல் பம்பாய் நடைபாதை வியாபாரிகள் வழக்கில், விற்கலாம் என்றும் விற்கக்கூடாது என்றும் பகுதிகளைப் பிரிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். டெல்லியில் ஆயத்த ஆடை விற்ற சோதன் சிங்கின் வழக்கில், 1989-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தெருவில் வியாபாரம் செய்வதும் 19(1)(ஜி) தரும் உரிமைதான், ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. கைந்தா ராம் வழக்கில் 2010-இல், இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அரசுக்குக் கெடு வைத்தது. சட்டம் ஒருவழியாக 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமாக இது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை இடமளித்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். காய்கறி, பழம் போன்ற அழுகும் பொருளைப் பிடித்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

இவற்றை நடத்துவது நகர விற்பனைக் குழு. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். காவல்துறை, போக்குவரத்துக் காவல், வங்கிகளோடு குடியிருப்போர் நலச் சங்கங்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம்மைப் போன்ற சங்கங்களுக்குச் சட்டமே நாற்காலி போட்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் பல ஊர்களில் கணக்கெடுப்பும் சான்றிதழும் இழுபறியில் கிடக்கின்றன. எனவே நம் வாசலில் நிற்பவரிடம் லைசென்ஸ் இல்லையென்றால், அது அவர் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. கேட்டும் கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

காம்பவுண்டுக்குள் யாரை விடுவது என்பது நம் முடிவு. வெளியே உள்ள தெரு ஊருக்குப் பொது. அதனால் "வண்டிகளை அகற்றுங்கள்" என்று மனு கொடுக்கும் முன், இரண்டு கேள்விகளை வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். நம் பகுதியில் கணக்கெடுப்பு முடிந்ததா? விற்பனைக்கு எந்த இடம் குறிக்கப்பட்டுள்ளது? குறிக்கவில்லை என்றால், கார் திரும்பும் முனையை விட்டுச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தை நாமே பரிந்துரைக்கலாம். காருக்கும் வழி கிடைக்கும், கொத்தமல்லியும் கிடைக்கும். வண்டிக்காரரும் யாருக்கும் மாமூல் கொடுக்காமல் நிற்பார்.